வேஷமும் அதைக் கலைக்கும் உரிமையும்

2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் காமிக் கான் என்கிற கூட்டம் சென்னையில் முதல் தடவையாக நடந்தது. ஜப்பானிய அனிமேஷன் படங்களிலும் அமெரிக்கச் சித்திரக்கதைகளிலும் வருகிற பாத்திரங்களாக உடுத்திக்கொண்டு அடையாறிலிருந்தும் தி. நகரிலிருந்தும் பிள்ளைகள் போனார்கள். உடை, வாள், கவசம் என்று பலதையும் வீட்டிலேயே செய்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் படம் எடுத்துக்கொண்டார்கள். இதற்குக் காஸ்ப்ளே என்று பெயர். நம் நண்பர்கள் மத்தியில் இந்தப் பேச்சு வந்தபோது இரண்டு விதமான எதிர்வினைகளைத்தான் கேட்க முடிந்தது. ஒன்று, "இதெல்லாம் ஒரு விஷயமாய்யா?" இன்னொன்று, பண்பாட்டு ஏகாதிபத்தியம், நுகர்வு வெறி, இத்யாதி. முன்னது அலுப்பு, பின்னது மனப்பாடம். செய்த பொருளை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்ன அபிப்பிராயமாக இரண்டும் தெரியவில்லை.

என் அக்கறை வேறு இடத்தில் இருக்கிறது. அட்டையும் பசையும் வைத்து வீட்டில் வேஷம் செய்து, பிள்ளைக்குப் போட்டு, அசையாமல் நிறுத்திப் படம் எடுப்பது தென்சென்னைக்குப் புதிதில்லை. மயிலாப்பூர் குடும்ப ஆல்பங்கள் முழுக்க இதுதான். அந்த ஆல்பங்களில் எந்த வேஷத்தை யார் தைத்தார்கள், யார் போட்டார்கள், யார் கலைத்தார்கள் என்ற கேள்விகளைக் கேட்காமல் காஸ்ப்ளேயை மட்டும் பிடித்துக் கூண்டில் ஏற்றுவது வசதியான ராடிகலிசம்.

தமிழில் வேஷம் என்ற சொல் படுகிற பாட்டைக் கவனிக்க வேண்டும். "என்கிட்டேயே வேஷம் போடறியா?" என்றால் வசவு. "இன்னிக்கு வேஷம் கட்டறேன்" என்று ஒரு கூத்துக்காரர் சொன்னால் அது தொழில், கிட்டத்தட்ட நோன்பு. டி.கே. சண்முகம் அவ்வையார் வேஷத்தில் நடித்து அவ்வை சண்முகம் ஆனார். கோபாலபுரத்துப் பக்கம் லாயிட்ஸ் ரோட்டுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். ஓர் ஆண் போட்ட கிழவி வேஷத்தின் பெயரில் மாநகராட்சிப் பலகை. அதே சாலையில் சேலை உடுத்தி நடந்துபோகிற திருநங்கையைப் பார்த்து "வேஷம்" என்று சொல்லிச் சிரிக்கவும் இந்த ஊருக்குத் தெரியும். உடுத்துகிறவர் யார் என்பதை வைத்து மரியாதையாகவோ வசவாகவோ மாறிவிடுகிற சொல் இது. சொல்லாடலுக்குள் அதிகாரம் புழங்கும் விதத்துக்கு உதாரணம் தேடி ஃபூக்கோவிடம் போக வேண்டிய அவசியமில்லை, லாயிட்ஸ் ரோடே போதும்.

காஸ்ப்ளேயின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெயர் ஜப்பானில், 1980களின் முற்பகுதியில், நோபுயுகி தகாஹாஷி என்ற பத்திரிகைக்காரர் வைத்தது. காரியம் அதற்கும் முந்தியது. 1939இல் நியூயார்க்கில் நடந்த அறிவியல் புனைகதை வாசகர்களின் மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மன் என்பவர் எதிர்கால மனிதனின் உடை என்று ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். இந்தப் பழக்கத்தின் தகப்பனார் என்று வெகுகாலம் அவரைத்தான் சொல்லி வந்தார்கள். அவருடைய உடையையும் சேர்த்து இரண்டு உடைகளையும் யோசித்துத் தைத்தவர் கூட வந்த மர்ட்டில் டக்ளஸ் என்ற பெண். ஊசி பிடித்தவர் ஒருவர், பெயர் வாங்கியவர் ஒருவர். இந்தக் கதை நமக்கு ஒன்றும் புதிதாகப் படாது.

இனி மயிலாப்பூர். புரட்டாசியில் வடக்கு மாடவீதியில் பொம்மைக் கடைகள் விரியும். கொலுவுக்கு அழைக்கச் சாயங்காலங்களில் பெண் குழந்தைகளுக்கு வேஷம் போட்டு வீடு வீடாகக் கூட்டிப்போவது பழைய வழக்கம். ஆண்டாள், மீனாட்சி, கிருஷ்ணர், முருகர், குறத்தி. இந்த வேஷங்கள் செய்யப்படும் விதத்தில் ஒரு நுணுக்கமான தொழில்நுட்பம் உண்டு. அதை யாரும் எழுதி வைக்கவில்லை, பெண்களின் வேலை என்பதால். ஆண்டாளின் சாய்ந்த கொண்டைக்குப் பழைய துணியை உருட்டிச் சவுரிக்குள் வைத்துக் கட்டுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கிளியை நாள்தோறும் இலைகளால் புதிதாகக் கட்டுகிறார்கள். மயிலாப்பூர் அம்மாவுக்கு ரவிக்கைத் துணியில் மிஞ்சிய பச்சை போதும், மூக்குக்கு ஒரு சிவப்பு மிளகாய். கிரீடம் சட்டைப் பெட்டியின் அட்டையில் வெட்டப்படும். மைதா பசை, தங்கக் காகிதம், ஜிகினா, விளிம்பில் சம்கி, பின்னால் எலாஸ்டிக். முன்பக்கம் வைகுண்டம், பின்பக்கம் தி. நகர் ஜவுளிக்கடை விலாசம். சப்பாத்திக் குழவிக்கு வெள்ளிக் காகிதம் சுற்றினால் புல்லாங்குழல். காமிரா முன்பக்கத்தைத்தான் எடுக்கும் என்பது செய்கிறவளுக்குத் தெரியும், அதற்குத் தகுந்தாற்போல் செய்வாள். கண் வலிக்க உட்கார்ந்து சம்கி தைத்தவள் படத்தில் இருக்கமாட்டாள். அதிகமாகப் போனால் பிள்ளையின் தோளைப் பிடித்திருக்கும் ஒரு கை, அதுவும் ஓரத்தில் வெட்டுப்பட்டு.

பள்ளிக்கூட மாறுவேடப் போட்டி இதன் தேசியவாத வடிவம். பாரதி, காந்தி, நேரு, கட்டபொம்மன், பாரதமாதா. இங்கே போத்ரியார் சொன்ன மூலமில்லாத நகல் என்ற கருத்து நன்றாகவே பொருந்துகிறது. ஐந்து வயதுப் பிள்ளை கட்டபொம்மனாக வந்து கர்ஜிக்கும்போது அது கட்டபொம்மனைப் பார்த்துச் செய்ததில்லை, 1959இல் வந்த சிவாஜி படத்தைப் பார்த்துச் செய்தது. சிவாஜி நாடகமேடையைப் பார்த்துச் செய்தார். பாரதிக்கு இருக்கிற புகைப்படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும் மீசையும் அவற்றிலிருந்து கழன்று வந்து ஐப்ரோ பென்சிலுக்குள் குடியேறிவிட்டன. மீசை வரைந்தால் பாரதி. வாயைத் திறந்து அவர் சொன்னதைச் சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது. (அம்பேத்கர் வேஷம்தான் உள்ளபடியே ஆகச் சுலபம்: ஒரு நீலக் கோட்டு, ஒரு மூக்குக் கண்ணாடி, கையில் ஒரு புத்தகம். இந்த வட்டாரப் பள்ளி மேடைகளில் நான் உட்கார்ந்து பார்த்த வருஷங்களில் ஒரு பிள்ளையும் அப்படி வரவில்லை.)

நிறத்துக்கு வருவோம். கிருஷ்ணன் என்ற பெயருக்கே கறுப்பன் என்றுதான் பொருள். கோகுலாஷ்டமிக்குக் கிருஷ்ணர் வேஷம் போட வீட்டில் எந்தக் குழந்தையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? வெளுப்பாக, கொழுகொழுவென்று இருக்கிற குழந்தையை. கறுப்பான குழந்தைக்கு அந்த வேஷம் வாய்த்தால் மேலே நீலம் பூசுகிறார்கள். கறுப்புத் தெய்வத்தின் வேஷத்துக்குக் கறுப்பு உடல் மூலப்பொருளாகப் போதவில்லை, அதை மறைத்தால்தான் தெய்வம் வருகிறது. அதே வீட்டில் குறத்தி வேஷத்துக்கு எதிர்த்திசையில் வேலை நடக்கும். "குறத்தின்னா இவ்ளோ வெளுப்பாவா இருப்பா? கொஞ்சம் மை தடவுடி." இந்த ஒரு வாக்கியத்தை மயிலாப்பூரில் ஒரு பாட்டி சொல்ல நானே கேட்டிருக்கிறேன். அவர் கெட்ட மனுஷி இல்லை. குழந்தைமேல் அத்தனை ஆசை. அந்த ஆசைதான் இங்கே பேசப்பட வேண்டிய விஷயம்.

அந்தக் குறத்தி யார் என்று பார்த்தால் சிக்கல் புரியும். கையில் கோல், இடுப்பில் கூடை: இது குறவஞ்சி இலக்கியத்திலிருந்து வந்தது, மலையிலிருந்து இறங்கிக் குறி சொல்ல வரும் சிங்கி. கழுத்தில் வரிவரியாகப் பாசிமணி: இது நரிக்குறவரிடமிருந்து எடுத்தது. அவர்கள் வேறு மக்கள், வாக்ரிபோலி என்ற இந்தோ-ஆரிய மொழி பேசுகிறவர்கள். ஏற்றிக் கட்டிய சேலையும் வெட்டி வெட்டி நடக்கிற நடையும் சினிமா கொடுத்தது. 'ஒளிவிளக்கு' (1968) படத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் அந்தக் கோலத்தில் ஆடினார்கள். மூன்றையும் ஒட்டுப்போட்டுத் தைத்த இந்தப் பெண் உலகத்தில் எங்குமே இல்லை. குறிப்பான் மட்டும் இருக்கிறது, குறிக்கப்படுகிறவள் கிடையாது. ஆனால் இல்லாத அந்தப் பெண்ணின் பெயரால் இருக்கிற மக்கள் அடையாளம் காணப்படுகிறார்கள் என்பதில்தான் வன்முறை இருக்கிறது. கொலுப்படியில் குறவன் குறத்தி பொம்மை ஜோடி உட்கார்ந்திருந்த அதே பத்தாண்டுகளில் குறவர்கள் குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் போலீஸ் ஸ்டேஷனில் கைரேகை வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சட்டம் 1871இல் வடக்கே தொடங்கி 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இங்கே அது ஒழிந்தது 1947இல். பொம்மைக்கு வீட்டுக்குள் இடம், ஆளுக்கு ரிஜிஸ்தரில் இடம். 1944இல், சட்டம் இன்னும் அமலில் இருந்தபோது, அடையாறில் ருக்மிணி தேவி 'குற்றாலக் குறவஞ்சி'யை நாட்டிய நாடகமாக்கினார். அழகான தயாரிப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. குறத்தியின் கோலும் கூடையும் பட்டுத்துணியும் பளபளக்க, பார்த்தவர்கள் கைதட்டினார்கள்.

ருக்மிணி தேவி என்றதும் இன்னொன்று. 1935இல் அவர் தியாசபிகல் சொசைட்டியில் ஆடியபோது உடுத்தியது இத்தாலியத் தையற்காரப் பெண்மணி ஒருவரின் உதவியோடு வடிவமைக்கப்பட்ட, தைத்த உடை. தேவதாசிகள் உடுத்தி ஆடியது வேறு. இன்று தி. நகரிலும் மயிலாப்பூரிலும் அரங்கேற்றத்துக்கு விசிறி மடிப்பு வைத்துத் தைத்துக்கொடுக்கும் உடைகள் அந்தப் புதிய வழியில் வந்தவை. 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆட்டம் ஒரு சமூகத்தின் உடலிலிருந்து கழற்றப்பட்டு இன்னொரு சமூகத்தின் உடலில் மாட்டப்பட்ட அந்தக் காரியத்தில் தையல் மிஷினுக்கும் பங்கு உண்டு. பாலசரஸ்வதி இந்தச் சுத்திகரிப்பை ஏற்கவில்லை என்பது தெரிந்த விஷயம். அரங்கேற்றத்துக்கு முந்தைய தினம் ஸ்டுடியோவில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பெண்ணுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பார் யாருமில்லை.

பக்தினைப் படித்த நண்பர்கள் இங்கே குறுக்கிடக்கூடும். வேஷம் களியாட்டம் அல்லவா, மேல் கீழைப் புரட்டிப்போடுவது அல்லவா, ஒரு நாளைக்காவது அடுக்கு குலைகிறதே என்பார்கள். குலைகிறதுதான், எங்கே என்று பார்க்க வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் தசராவுக்கு விரதமிருந்து காளி, குரங்கு, போலீஸ், பிச்சைக்காரர் என்று வேஷம் கட்டி, கடைகடையாகக் காணிக்கை கேட்டு முத்தாரம்மனுக்குச் செலுத்துகிறார்களே, அங்கே கையேந்துவதே வேஷத்தின் நிபந்தனை; வேஷம் போட்டவனும் கொஞ்சம் தாழ்ந்தாக வேண்டும். கட்டைக்கூத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் லேசான மரத்தில் செதுக்கி, வர்ணக் காகிதமும் கண்ணாடிச் சில்லும் ஒட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறார்கள். விடியவிடிய அந்தப் பாரத்தைச் சுமந்தால்தான் ராஜா. மாடவீதியில் நடப்பது வேறு. மேலே இருக்கிறவள் ஒரு சாயங்காலத்துக்குக் கீழே இறங்கிவிட்டு எட்டு மணிக்கு முகம் கழுவி விடுகிறாள். கீழே இருக்கிறவள் ஆண்டாள் கொண்டை போட்டுக்கொண்டு அதே வீட்டுக் கூடத்துக்குள் வந்து சுண்டல் வாங்கிப்போக முடியுமா? ஒருவழிப் பாதைக்குக் களியாட்டம் என்று பெயரிட முடியாது.

2023 மார்ச் 30 அன்று சென்னைத் திரையரங்கு ஒன்றில் டிக்கெட் கையில் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலில் தடுத்தார்கள். வீடியோ பரவி, சத்தம் கிளம்பிய பிறகு உள்ளே விட்டார்கள். தணிக்கைச் சான்றிதழ், குழந்தைகளின் வயது என்று பிறகு காரணம் சொல்லப்பட்டது. நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவர்களுடைய பாசிமணி வேஷமாக மேடையேறினால் பரிசு வாங்கும். அவர்கள் கழுத்திலேயே இருந்தால் வாசலில் நிறுத்தும்.

அதே 2023இன் ஜனவரியில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கிராமத் திருவிழாக்களில் குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் நடப்பது அந்தச் சமூகத்தைப் புண்படுத்துவதால் தடுக்கப்பட வேண்டும் என்றது. தமிழக அரசும் நாட்டுப்புறக் கலைகளின் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை எடுத்தது. எங்கள் பெயரில் ஆபாசமாக ஆடாதே என்று கேட்டவர்கள் குறவர்களே. கேட்க அவர்களுக்குப் பூரண உரிமை உண்டு. கலைச் சுதந்திரம் என்று சொல்லி அதை நான் எதிர்க்கப்போவதில்லை. ஆனால் இந்தத் தடை எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். ராத்திரி பத்து மணிக்குக் கிராமத்து மேடையில் இருநூறு முன்னூறு ரூபாய்க்காகவும் ஆடுகிற பெண் போட்டது ஆபாசம். டிசம்பர் சபாவில் போட்டது கலை. கொலுவுக்குப் போட்டது குழந்தையின் விளையாட்டு. வேஷம் ஒன்றுதான். மூன்றில் எதன்மேல் சட்டம் கை வைத்தது என்பது தற்செயல் இல்லை.

புகைப்படத்துக்கு வருகிறேன். எழும்பூர் மியூசியத்தில் 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மண்டையையும் மூக்கையும் அளக்கும் கருவிகளோடு மாகாணம் முழுக்கச் சுற்றினார். ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாகத் 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' வந்தது. அதில் வருகிற படங்களில் நிற்கிறவர்களுக்குப் பெரும்பாலும் பெயர் கிடையாது, 'இன்ன சாதிப் பெண்' என்ற வகைமாதிரிதான். ஆடையும் அணியும் வகைக்குச் சாட்சியமாகக் கோரப்படுகின்றன. பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி, "நேராப் பாரு, கூடையை இடுப்புல வெச்சுக்கோ, அசையாதே" என்று சொல்லி எடுத்த ஆல்பம் படமும் இதே இலக்கணத்தில்தான் இருக்கிறது: முழு உருவம், நேர்ப் பார்வை, வெறுமையான பின்புலம், கீழே 'குறத்தி'. ஒரே ஒரு வித்தியாசம், பெரியது. ஆல்பத்தில் இருக்கும் பிள்ளைக்கு வேறொரு பெயர் உண்டு, அடுத்த பக்கத்தில் பட்டுப்பாவாடையில் வேறொரு படம் உண்டு. தர்ஸ்டனின் பெண்ணுக்கு அடுத்த பக்கம் இல்லை.

பெங்களூர் கலைஞர் புஷ்பமாலா இந்த இடத்தைத்தான் பிடித்தார். 2000க்கும் 2004க்கும் இடையில் கிளேர் ஆர்னி என்ற புகைப்படக்காரரோடு சேர்ந்து தென்னிந்தியப் 'பூர்வகுடிப் பெண்கள்' என்று ஒரு வரிசை செய்தார். ரவிவர்மாவின் லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, அளவுக் கட்டங்கள் போட்ட திரைக்கு முன் நிற்கும் தோடர் பெண் என எல்லாமாகவும் தானே வேஷம் கட்டி நின்றார். திரை, தட்டுமுட்டு, அணி எல்லாம் செய்யப்பட்டவை என்பது படத்திலேயே தெரியும். பழைய காலனியப் படம் இயல்பு என்று நம்பவைத்ததை இவருடைய படம் ஜோடனை என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. எனக்கு அந்தத் தோடர் படத்தில் ஒரு சங்கடமும் உண்டு: கேலி காலனியத்தின்மேல்தான், ஆனால் தோடர் பெண் இந்தத் தடவையும் படத்தில் இல்லை.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு நந்தம்பாக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது, அவர்கள் தையலை மறைப்பதில்லை. செருப்பின் அடிப்பகுதிக்கும் யோகா பாய்க்கும் ஆகிற ஈவா ஃபோமை வெட்டி, சூடுகாட்டி வளைத்து, பசை போட்டு ஒட்டிக் கவசம் செய்கிறார்கள். சூட்டில் மேல்பரப்பின் துளைகள் அடைபட்டால்தான் பெயிண்ட் நிற்கும் என்று எனக்கு விளக்கினார் அடையாறில் கல்லூரிப் படிப்பு படிக்கும் ஒரு பெண். பாதியில் நிற்கும் கவசம், ஒட்டாமல் போன தோள்பட்டை, விரலில் சுட்ட காயம் என்று எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருந்தார். யார் செய்தது, யார் போட்டது, யார் எடுத்தது என்று மூன்று பெயர்களையும் படத்தோடு சொல்லும் பழக்கம் அவர்களுக்குள் இருக்கிறது. சட்டைப்பெட்டிக் கிரீடத்தின் பின்பக்கம் முதல் தடவையாகக் காமிராவுக்குத் திரும்பியிருக்கிறது. உழைப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் இதைப் பார்க்காமல் போனால் எப்படி?

நம்மூர்ப் பாத்திரம் எதையும் செய்யலையாம்மா என்று அவரிடம் கேட்டேன். "எங்க பாட்டி போட்டுவிட்ட வேஷமெல்லாம் யாரோ நிஜ மனுஷங்களைப் பாத்துப் பண்ணது சார். இது படத்தைப் பாத்துப் பண்ணது. யாருக்கும் வலிக்காது." இதை நான் பாதி ஏற்கிறேன். வரைந்த வீராங்கனை ரேஷன் கடை வரிசையில் நிற்பதில்லை, தியேட்டர் வாசலில் அவளைத் தடுக்க ஆளில்லை. அவளுடைய உடையை எடுத்து மாட்டிக்கொள்வதில் எவருடைய தோலும் உரிக்கப்படவில்லை. ஏகாதிபத்தியம் என்று கத்துகிறவர்கள், உள்ளூர் வேஷம் யார் முதுகில் ஏறி நின்றது என்பதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கத்தட்டும். ஆனால் யாருக்கும் வலிக்காது என்பதை அப்படியே விட முடியவில்லை. வரைந்த அந்த முகங்கள் பெரும்பாலும் வெளுத்தவை. அந்தப் பெண் மாநிறத்துக்கும் ஒரு படி குறைவு. கவசத்தோடு நின்ற படத்தைக் காட்டினார். கவசம் அவர் செய்த கவசம்தான், ஃபோம் ஒட்டிய கோடுகூடத் தெரிந்தது. முகம் மட்டும் அவருடையதாக இல்லை. எடுத்த நண்பர் கம்ப்யூட்டரில் வெளுப்பாக்கி இருக்கிறார். "கேரக்டர் அப்படித்தானே சார்" என்றார்.

அசல் படம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, யாருக்கும் அனுப்பவில்லை என்றார். காட்டச் சொன்னேன், காட்டினார். புருவத்தில் வியர்வையோடு, கொஞ்சம் முறைத்தபடி, கறுப்பாக, அந்தக் கவசத்துக்குள் நிற்கிறார்.